பாம்புக்குப் பால் வேண்டாம், புற்று வேண்டும்

வீட்டில் யார் முகம் வாடியிருந்தாலும் நம்மவர்கள் முதலில் கேட்பது "சாப்பிட்டியா?" என்பதுதான். நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். பால் பைத்தான் வளர்ப்பவர்களுக்கு மட்டும் இதே பழக்கம் பெரிய இடைஞ்சலாகிவிடுகிறது. வாங்கி வந்த பாம்பு இரண்டு வாரம் எலியைத் தொடவில்லை என்றதும் மனம் பதறுகிறது. வேறு எலி, வேறு பெட்டி, வேறு அறை என்று மாற்றத் தொடங்குகிறார்கள். கடைசியில் அதன் வாயைத் திறந்து எலியைத் திணிக்கும் வரை போய்விடுகிறது. என்னைக் கேட்டால், நோயில்லாத ஒரு பால் பைத்தான் சாப்பிட மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான்: அது இருக்கும் பெட்டி, அதை வளர்ப்பவரின் அவசரம்.

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, தோகோ, பெனின் போன்ற நாடுகளிலிருந்துதான் இது உலகச் சந்தைக்குப் பரவியது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். பெயரைக் கேட்ட அன்றே என் பாட்டி, "பால் பாம்புன்னா பால் வச்சா குடிக்கும்தானே, ஏம்மா எலியெல்லாம்?" என்று கேட்டார். புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த தலைமுறைக்கு அது நியாயமான கேள்வி. ஆனால் பாம்புக்குப் பால் உணவே அல்ல. தாகத்தில் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் நக்கிப் பார்க்கலாம். அதைச் செரிக்க அதன் உடலில் வழி இல்லை.

பாட்டி சொன்னதில் பால் தவறு. ஆனால் அவர் நினைவில் இருந்த புற்று மிகச் சரி. பால் பைத்தான் தன் ஊரில் பகல் முழுவதும் ஒளிந்திருப்பது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும்தான். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று நம் பழமொழி சொல்வதை இது ஆப்பிரிக்காவில் செய்துகொண்டிருக்கிறது. இருட்டிய பிறகே இரை தேடும். அப்போதும் துரத்திப் பிடிக்காது. ஓரிடத்தில் அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். மேலுதட்டில் வரிசையாக உள்ள சிறு குழிகள் இரையின் உடல் சூட்டை உணர்கின்றன. நஞ்சு கிடையாது, சுற்றி இறுக்கித்தான் கொல்லும்.

இப்படி வாழும் பாம்புக்குத் தினமும் சோறு கிடைக்காது என்பது தெரிந்த விஷயம். அதற்கேற்ற உடலும் அதற்கு உண்டு. இரைக்காகக் காத்துக் கிடக்கும் பைத்தான் வகைகள் இரண்டு உணவுக்கு நடுவில் தங்கள் குடலையே சுருக்கிக்கொள்கின்றன. இரை உள்ளே போனதும் அது மீண்டும் வளர்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீபன் சீக்கரும் ஜாரெட் டைமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை வைத்து இதை விரிவாக விளக்கினார்கள். எனவே வளர்ந்த, ஆரோக்கியமான பால் பைத்தான் சில மாதங்கள் பட்டினி கிடப்பது வழக்கத்துக்கு மாறானதல்ல. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பாம்புகள் அடிக்கடி அப்படித்தான் இருக்கும். தோல் உரிக்கும் முன் கண் நீலம் பூத்திருக்கும் நாள்களிலும் பல பாம்புகள் எதையும் தொடுவதில்லை.

நான் படிப்பது வேறு மாநிலத்தில் என்பதால் என் பாம்பு கிள்ளானில், வீட்டில் இருக்கிறது. தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். சென்ற ஆண்டு நவம்பரில் தொடங்கிப் பதினொரு வாரம் அது ஒன்றும் சாப்பிடவில்லை. தம்பியிடமிருந்து புலனத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே செய்தி: "அக்கா, இன்னிக்கும் வேணாம்னுடுச்சு." நான் திரும்பக் கேட்டதும் ஒன்றுதான்: "எடை எவ்வளவு?" பதினொரு வாரத்தில் 1,420 கிராமிலிருந்து 1,385 கிராம். குறைந்தது 35 கிராம். அந்த ஓர் எண் கையில் இருந்ததால் வீட்டில் யாரும் பதறவில்லை, அம்மாவைத் தவிர. பன்னிரண்டாம் வாரம் அது தானாகவே எலியைப் பிடித்தது.

இங்கே பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எழுதியது. அவர்களின் கவலை எப்படிச் சூடேற்றுவது என்பது; நம் கவலை வேறு. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை இருக்க வேண்டும். பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும். வெயில் நேரடியாக இறங்கும் மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி முழுவதும் ஒரே கொதிப்பு. ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லை. அதே அறையில் இரவு ஏர்கோனை 20 பாகையில் வைத்துத் தூங்கினால், பாம்பு இரை தேட வேண்டிய நேரத்தில் விறைத்துக் கிடக்கும். குளிர்ந்த உடலால் எலியைச் செரிக்க முடியாது. அது மறுப்பதுதான் புத்திசாலித்தனம். ஏர்கோன் அறை என்றால் வெப்ப விரிப்பும், அதைக் கட்டுப்படுத்தத் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். ஈரப்பதத்துக்கு நம் நாட்டில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. படுக்கை சொதசொதவென்று நனைந்திருந்தால்தான் செதில் அழுகும்.

அடுத்தது புற்று. நான்கு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஓர் அழகான மரக்கிளை, மேலே விளக்கு: படம் எடுத்துப் போட நன்றாக இருக்கும், பாம்புக்கு அது நடுத்தெருவில் நிற்பது போன்றது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடங்கள் வேண்டும். உள்ளே போனால் முதுகும் பக்கங்களும் சுவரில் உரசும் அளவுக்கு அவை நெருக்கமாக இருக்க வேண்டும். விசாலமான வீடு நமக்குப் பெருமை. இதற்கு அது பயம். கண்ணாடித் தொட்டி என்றால் மூன்று பக்கத்தையும் காகிதத்தால் மறைத்துவிடலாம். காசு செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்தாலே பல பாம்புகள் சாப்பிடத் தொடங்கிவிடும்.

எலி விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். உறைந்த எலியை வாங்கி ஐஸ்பெட்டியில் வைப்பது எல்லா அம்மாக்களுக்கும் சம்மதமாக இருக்காது. எங்கள் வீட்டில் மூடி போட்ட டப்பா, தனி மூலை, தனி இடுக்கி என்று ஒப்பந்தம் போட்ட பிறகே அனுமதி கிடைத்தது. "வெளியில சாக்கடைப் பக்கம் எவ்வளவு எலி ஓடுது, பொறி வச்சுப் பிடிச்சுக் குடுக்கலாமே" என்று ஒரு யோசனையும் வந்தது. அதைச் செய்யவே கூடாது. தாமானில் திரியும் எலி எங்கே விஷம் தின்றிருக்கும், என்ன ஒட்டுண்ணி சுமந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உயிருள்ள எலியைப் போடுவதுதான் இயற்கை என்று வாதிடும் நண்பர்கள் எனக்கும் உண்டு. காட்டில் எலி தப்பி ஓட இடம் இருக்கிறது. பெட்டிக்குள் அதற்கும் வழியில்லை, பாம்புக்கும் வழியில்லை. பசியில்லாத பாம்போடு ஓர் எலியை இரவு முழுவதும் விட்டால், காலையில் முதுகு கடிபட்டிருப்பது பாம்பாகத்தான் இருக்கும். எலி படும் பாடு தனிக் கணக்கு. உயிருள்ள இரைக்கே பழகிப்போன பாம்பை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது உண்மை. அதற்குப் புதிதாகக் கொன்ற இரையில் தொடங்கி, மெல்ல உறைந்த எலிக்குக் கொண்டுவரலாம்.

கொடுக்கும் முறை எளிது. பாம்பின் உடல் எங்கே மிகத் தடிப்போ, ஏறக்குறைய அந்தத் தடிப்புள்ள எலி போதும். முந்தின இரவே அதைக் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் வைத்து, உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 38 பாகைக்குச் சற்று மேலே கொண்டுவர வேண்டும். கொதிநீரும் மைக்ரோவேவும் வேண்டாம். வெந்துபோன எலி வயிறு வெடித்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் ஒளிவிடத்தின் வாசலில் லேசாக அசைத்துக் காட்டலாம். கால் மணி நேரத்தில் பிடிக்கவில்லையா, அங்கேயே வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். காலையில் அப்படியே இருந்தால் குப்பைக்குப் போகட்டும், மீண்டும் உறைய வைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டால் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது. சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. இவ்வளவு கூச்சமுள்ள பாம்புக்கு அது தேவையில்லாத தொல்லை.

மறுத்துவிட்டால், குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்த முயற்சி. இந்த இடைவெளிதான் இளையோரால் தாங்க முடியாதது. தினமும் எலியை நீட்டிப் பார்ப்பது, "பசிக்குதா பார்ப்போம்" என்று வெளியே எடுப்பது, நண்பர்கள் வந்தால் கழுத்தில் போட்டுக் காட்டுவது என்று ஒவ்வொன்றும் அதன் பட்டினியை நீட்டிக்கும். ஒரு வாரத்தில் ஐந்து மாற்றங்கள் செய்தால் எது பலித்தது என்றும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், காத்திருங்கள், எழுதி வையுங்கள். நாள், எலியின் அளவு, சாப்பிட்டதா இல்லையா, பாம்பின் எடை: இவ்வளவுதான் குறிப்பு. தராசை மட்டும் சமையலறையிலிருந்து எடுக்காதீர்கள், தனியாக ஒன்று வாங்குங்கள்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டால், வாயில் நுரை தெரிந்தால், விழுங்கியதைக் கக்கினால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். முட்டையிலிருந்து வந்து இன்னும் முதல் இரையே எடுக்காத குட்டிக்குப் பெரிய பாம்பைப் போல் மாதக்கணக்கில் தாங்கும் சேமிப்பு இல்லை. வாயில் திணித்து ஊட்டுவது தேவையா என்பதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாம்பைப் பார்க்கப் போவதற்கு முன்பே உரிமம் பற்றிப் பெர்ஹிலித்தானில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் 2020இல் முட்டையிட்ட ஒன்றுக்கு வயது குறைந்தது 62 என்று மதிப்பிட்டார்கள். பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், வீடு மாறிய பிறகும் அது உங்களோடு இருக்கும்.

விற்பவரிடம் நிறத்தையும் விலையையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்தக் குட்டி கடைசியாகச் சாப்பிட்ட ஐந்து முறைகளின் தேதியைக் கேளுங்கள். உறைந்த எலியா, உயிருள்ளதா, எலியா, சுண்டெலியா என்றும் கேளுங்கள். முடிந்தால் உங்கள் கண் முன்னால் ஒருமுறை சாப்பிடக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காக வளர்ப்பவர் கைப்பேசியைத் திறந்து குறிப்பைக் காட்டிவிடுவார். "அதெல்லாம் நல்லா சாப்பிடும் தங்கச்சி, கவலைப்படாதே" என்று மட்டும் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தேடலாம்.