கடிகாரம் காட்டும் கலோரி

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் நண்பகல். பத்தாம் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி, தன் உணவுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உண்ணாமலே மூடி வைத்தாள். காரணம் கேட்டேன். "காலையில் நாற்பது நிமிடம் பளுப் பயிற்சி செய்தேன் ஐயா. கடிகாரம் 90 கலோரிதான் காட்டியது. ஒரு சப்பாத்திக்கே அது சரியாகிவிடும்" என்றாள். அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மாணவர்களே, கலோரி என்பது ஆற்றலின் அளவு. உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிப் பேசும்போது கலோரி என நாம் சொல்வது கிலோ கலோரியையே. ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலே ஒரு கிலோ கலோரி. மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் இவ்வாற்றலை நேரடியாக அளப்பதில்லை. பச்சை நிற ஒளியைத் தோலில் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நாடித்துடிப்பை எண்ணுகிறது. கையின் அசைவைக் குறித்துக்கொள்கிறது. இவற்றோடு நாம் பதிந்த வயது, எடை, உயரம் ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு சூத்திரத்தின் வழியே ஓர் எண்ணைக் கணிக்கிறது. ஆகவே, திரையில் தோன்றுவது அளவீடு அன்று, மதிப்பீடு.

நடக்கும்போதும் ஓடும்போதும் நாடித்துடிப்பும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனும் ஏறத்தாழ இணைந்தே உயரும். பளுப் பயிற்சியில் அவ்வாறு நிகழ்வதில்லை. பளுவை இறுகப் பற்றி மூச்சை அடக்கும்போது, ஆக்சிஜன் பயன்பாடு அந்த அளவுக்குக் கூடாமலே துடிப்பு எகிறும். ஆற்றலின் ஒரு பகுதியைத் தசைகள் ஆக்சிஜன் இன்றியே உண்டாக்கிக்கொள்ளும். தோளில் பளுவைச் சுமந்து உட்கார்ந்து எழும்போது கால்கள் உழைக்கும். கடிகாரம் கட்டிய கையோ அசையாது இருக்கும். இவற்றையெல்லாம் அச்சூத்திரம் எவ்வாறு அறியும்?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் ஏழு வகைக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைபட்டது. மிக மோசமான கருவியின் பிழை 93 விழுக்காடு. இத்தனைக்கும் அங்குச் சோதிக்கப்பட்டவை நடத்தல், ஓடுதல், மிதிவண்டி மிதித்தல் போன்ற எளிய செயல்களே.

எண் சரியாகவே இருந்தாலும் அது பளுப் பயிற்சிக்கு உரிய அளவுகோல் ஆகாது. இயற்பியல் பாடத்தை நினைவுகூருங்கள். 20 கிலோ பளுவை அரை மீட்டர் உயரத்துக்குப் பத்து முறை தூக்கினால், செய்த வேலை 980 ஜூல். அது கால் கிலோ கலோரிகூட ஆகாது. உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கே வேலையாக மாறும் என்று கொண்டாலும், செலவு ஒரு கிலோ கலோரி அளவுதான். அதனால் அவ்வுழைப்பு வீணாகிவிடுமா? ஆகாது. தசை வலுப்பெறுகிறது, எலும்பு உறுதியடைகிறது, நரம்புகள் தசைகளை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்கின்றன. இவற்றுள் எதையும் கலோரிக் கணக்கு காட்டாது.

"எண்ணைப் பார்த்தால் ஊக்கம் பிறக்கிறதே" எனச் சிலர் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. நாள்தோறும் நடப்பவர் இந்த வார எண்ணைச் சென்ற வார எண்ணோடு ஒப்பிடுவதில் பிழையில்லை. ஆனால், அவ்வெண்ணைக் கொண்டு உணவை அளப்பது தவறு. ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் உடலுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி வேண்டும். அவ்வாறெனில், 45 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆகிறது. வளரும் பருவத்தில் தேவை இன்னும் கூடும். உணவு என்பது உடற்பயிற்சிக்குத் தரப்படும் கூலி அன்று. உயிர் வாழவும் வளரவும் உடல் கேட்கும் உரிமை.

மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் 87 கிலோவையும் 115 கிலோவையும் தூக்கி, மொத்தம் 202 கிலோவுடன் வெள்ளிப் பதக்கம் வென்றார். நாடு போற்றியது அந்தக் கிலோ கணக்கையே. கலோரியை எவரும் கேட்கவில்லை. நம் ஊர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கிய இளைஞர்களுக்கும் கல் தோளுக்கு ஏறியதா என்பதே கேள்வி. நான் பணியாற்றும் இந்த வட மாநிலத்தின் மல்யுத்தக் களங்களிலும் தண்டாலையும் பஸ்கியையும்தான் எண்ணுகிறார்கள்.

ஆகவே, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள், பயிற்சியின் பெயர், தூக்கிய பளு, எத்தனை முறை, இரவு உறங்கிய நேரம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். சரியான உடல் நிலையை உடற்கல்வி ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ளோர், நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்போடு, வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது.

அந்த மாணவி இப்போதும் கடிகாரம் அணிகிறாள், குறிப்பேடும் வைத்திருக்கிறாள். சென்ற வாரம் முழங்கால் ஊன்றாமல் ஒன்பது தண்டால் எடுத்ததாகச் சொன்னாள். மூன்று மாதங்களுக்கு முன்பு அவளால் எடுக்க முடிந்தவை இரண்டு. உணவுப் பெட்டியும் நாள்தோறும் வெறுமையாகவே வீடு திரும்புகிறதாம்.

சிந்தித்து எழுதுக

1. அளவீடு, மதிப்பீடு: இவ்விரண்டின் வேறுபாட்டை உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. கட்டுரையாளரின் கருத்தோடு நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் காட்டிப் பத்து வரிகளில் எழுதுக.