பேரரசு போன பிறகும் சங்கம் எதற்கு?

சாந்தோம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வெள்ளைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்காமல் போவதில்லை. புனித தோமாவைக் குறிக்கும் அந்த ஊர்ப்பெயர் போர்த்துகீசியர்கள் வைத்தது. 16-ம் நூற்றாண்டில் அவர்கள் தேவாலயம் கட்டிய இடத்தில், இன்றைய தேவாலயம் எழுந்தது 1896-ல், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில்.

இரண்டு பேரரசுகளும் போய்விட்டன. ஆளுக்கொரு சங்கம் மட்டும் மிச்சம். போர்த்துகீசிய மொழி பேசும் நாடுகளின் அமைப்பு 1996-ல் லிஸ்பனில் தொடங்கியது. ஆங்கிலேயர் வழியில் வந்தது காமன்வெல்த். இதில் இந்தியா, இலங்கை உட்பட 56 நாடுகள்.

'நம்மை ஆண்டவர்களோடு இன்னும் என்ன உறவு?' என்ற கேள்வி அடிக்கடி எழும். 1949-லும் எழுந்தது. குடியரசாகப் போகிற இந்தியா, பிரிட்டிஷ் மன்னரைத் தலைவணங்க முடியாது என்றது. லண்டனில் கூடிப் பேசி, மன்னர் வெறும் அடையாளத் தலைவர் என்று ஆக்கினார்கள். 'பிரிட்டிஷ்' என்ற முன்னொட்டும் உதிர்ந்தது. சங்கத்தின் விதியை மாற்ற வைத்தது இந்தியாதான்.

அதில் ஆதாயமும் உண்டு. சென்னையிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகும் மாணவர், இந்தியக் குடியுரிமையோடே அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். காரணம், காமன்வெல்த். அங்கேயே குடியிருக்கும் பிரான்ஸ், ஜெர்மனி நாட்டவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

ஆனால், தமிழர்களுக்கு இந்தச் சங்கத்தின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது 2013. இறுதிப் போர் முடிந்து நான்கே ஆண்டுகளில், காமன்வெல்த் மாநாடு கொழும்பில் நடந்தது. இந்தியா கலந்துகொள்ளக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பிரதமர் மன்மோகன் சிங் போகவில்லை. வெளியுறவு அமைச்சர் போனார். கனடா, மொரீஷியஸ் பிரதமர்களும் புறக்கணித்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் யாழ்ப்பாணம் சென்றபோது, காணாமல் போன பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்தியபடி தாய்மார்கள் கதறினார்கள். உலகத் தொலைக்காட்சிகள் அதைக் காட்டின.

அந்த மாநாடு இல்லையென்றால் அத்தனை கேமராக்கள் அன்று யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்காது. அது உண்மை. ஆனால் விசாரணைக்கு உத்தரவிட்டது காமன்வெல்த் அல்ல. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் கூடிய ஐ.நா. மனித உரிமை கவுன்சில். இலங்கையோ அடுத்த இரண்டு ஆண்டுகள் காமன்வெல்த்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தது.

கேள்வி கேட்கும் பலம் சங்கத்துக்கு இல்லாமல் இல்லை. நிறவெறியை விடாத தென்னாப்பிரிக்கா, மற்ற உறுப்பினர்களின் எதிர்ப்பால் 1961-ல் வெளியேற நேர்ந்தது. 1994-ல் நிறவெறி ஆட்சி ஒழிந்த பிறகே திரும்பி வந்தது.

2030-ல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அகமதாபாத்தில் நடக்கப் போகிறது. பதக்கங்களை எண்ணுவோம், மகிழ்வோம். கூடவே, 1949-ல் விதியையே மாற்றிய இந்தியா, யாழ்ப்பாணத் தாய்மார்களுக்காக இந்தச் சங்கத்தில் என்ன கேட்டது என்பதையும் கேட்டுப் பார்ப்போம். சங்கத்தைத் தொடங்கியவர் யார் என்பதைவிட, அழுகிறவர்களுக்கு அது என்ன செய்தது என்பதுதான் முக்கியம்.