கழுத்தையும் தாடையையும் பார்க்காமல் காதிரைச்சலைக் கைவிடாதீர்கள்

“ஆடியோகிராம் நார்மல். பழகிக்கொள்ளுங்கள்.” மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எங்கள் கூட்டங்களுக்குக் காதிரைச்சலோடு வரும் பலர் இந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அவர்களில் சிலர் பல்லை இறுகக் கடித்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, காதுக்குள் ஓடும் சத்தம் ஏறி இறங்குவதை எங்களுக்குச் செய்தே காட்டுகிறார்கள். டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், “அவர் கேட்கவில்லையே” என்கிறார்கள்.

கழுத்தையும் தாடை மூட்டையும் தொட்டுப் பார்க்காமல் எவருடைய காதிரைச்சலையும் தீராதது என்று முடிவுகட்டக் கூடாது. இதுவே எங்கள் நிலைப்பாடு.

மேல்கழுத்திலிருந்தும் தாடையிலிருந்தும் புறப்படும் நரம்புச் செய்திகள், மூளைத்தண்டில் காதின் செய்தி முதலில் வந்து சேரும் இடத்தையே தொடுகின்றன. தசை இறுகினால் அங்கே சத்தம் பிறக்கலாம் என்று 1999இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் லெவின் விளக்கினார். 2018இல் பன்னாட்டு நிபுணர்கள் இந்த வகை இரைச்சலுக்கான அடையாளங்களை ஒத்த கருத்தோடு வரையறுத்தார்கள். கழுத்து வலியும் இரைச்சலும் சேர்ந்தே தொடங்கியதா, தலையில் அடிபட்ட பிறகு வந்ததா, தூக்கத்தில் பல் கடிப்பவரா, தையல்காரரைப் போல நாளெல்லாம் குனிந்திருப்பவரா? இவற்றைக் கேட்க ஐந்து நிமிடம் போதும். தலை திருப்பினால் சத்தம் மாறுவது மட்டுமே சான்றாகாது. காதால் வரும் இரைச்சலிலும் அப்படி மாறுவதுண்டு.

பொய்யான நம்பிக்கை தர எங்களுக்கு மனமில்லை. பெல்ஜியத்தில் கழுத்துக் கோளாறும் இரைச்சலும் சேர்ந்திருந்த 38 பேருக்கு ஆறு வாரம் பிசியோதெரபி கொடுத்தார்கள். முடிந்தவுடன் 53 சதவீதத்தினருக்கு நல்ல குறைவு. அடுத்த ஆறு வாரத்துக்குப் பிறகும் அது நீடித்தது 24 சதவீதத்தினருக்கே. அந்த நாலில் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அறிவார்கள்.

சலூனில் கழுத்தைச் சடக்கென்று முறித்துவிடுவது சிகிச்சை அல்ல. ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். திடீரென்று காது கேட்காமல் போனாலோ, ஒரு காதில் மட்டும் சத்தம் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, பிசியோதெரபிக்கு முன் இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள்.

சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் நடக்கும் தூரம்தான். காது, பல், பிசியோதெரபி மூன்று பிரிவுகளையும் ஒரே சீட்டில் இணைக்கும்படி அரசைக் கேட்கிறோம். 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்டுகளுக்குக் கழுத்து, தாடைப் பயிற்சிகளையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.