கணவன் ஒரு கட்டம், மனைவி ஒரு கட்டமா?

சென்ற மாதம் மொரப்பூர் ரயில் நிலையத்தில் என் பழைய நண்பரின் மனைவியைப் பார்த்தேன். நண்பர் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லையாம். ஓர் அலுவலகத்துப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, மனைவி என்று வேறொரு அம்மாள் பெயர் இருக்கிறது!

நடந்தது இதுதான். எக்செல்லில் ஊழியர் பெயர் ஒரு கலம், மனைவி பெயர் அடுத்த கலம். யாரோ ஒரு தம்பி ஊழியர் பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். 'பக்கத்துக் கலத்தையும் சேர்த்து அடுக்கட்டுமா?' என்று எக்செல் கேட்கத்தான் செய்யும். இவர் வேண்டாம் என்று தட்டிவிட்டார். ஒரே தட்டில் அத்தனை பேருக்கும் மனைவி மாறிவிட்டது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த அம்மாவுக்கு வரவில்லை.

'கம்ப்யூட்டர் தப்பு சார்' என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறவு என்றால் என்னவென்று தெரியாமல் பட்டியல் போட்டவர்கள் தப்பு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் திருமணத்தைத் தனிப் பதிவாக எழுதுவார்கள். அதோடு விடமாட்டார்கள். மணமக்கள் இருவரின் பிறப்புப் பதிவிலும் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். 1897-இல் பிரான்சில் வந்த சட்டம் அது. நம் கர்ணமும் சளைத்தவர் இல்லை. 'அ' பதிவேடு புல எண்படி, சிட்டா பட்டாதாரர்படி. ஒரே உறவு, இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒன்றில் பிசகினால் மற்றது காட்டிக்கொடுக்கும். ஒரு பட்டாவில் பல புல எண், ஒரு கூட்டுப் பட்டாவில் பல பேர். இதை ஒரு கட்டத்தில் கமா போட்டு அடக்கினால் என்ன ஆகும்?

பெரிய நாடுகளும் தப்பவில்லை. 2020-இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பில் இடம் போதாமல் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களை நேரத்தில் தேட முடியவில்லை.

'வேறு மென்பொருள் வாங்கப் பணமில்லை, எக்செல்தான் எல்லோருக்கும் தெரியும்' என்பார்கள். சரி, எக்செல்லிலேயே செய்யுங்கள். ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஆட்களுக்கு ஒரு தாள், ஆளுக்கொரு எண். உறவுகளுக்குத் தனித் தாள். அதில் ஒரு வரிக்கு ஒரு உறவு: இவர் எண், என்ன உறவு, அவர் எண், எந்தத் தேதியிலிருந்து, எழுதியவர் யார். அந்தத் தாளில் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். ஒரே பெயரில் பத்து முருகன் இருப்பார்கள். உறவு மாறினால் பழைய வரியை அழிக்காமல் முடிந்த தேதியைப் போட்டு, புதிய வரி எழுதுங்கள். நாங்கள் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பம் வைத்தோமே, அதே முறைதான். அழித்தவன் மாட்டிக்கொள்வான், அடித்துத் திருத்தியவன் தப்பிப்பான் என்பது எங்கள் காலத்துப் பாடம்.

அந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியதற்கு இப்போது சான்று கேட்கிறார்களாம். நண்பரின் பணிப்பதிவேட்டில், பேனாவால் எழுதிய அவர் பெயர் சரியாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.