விண்ணில் செய்மதி, வாசலில் ஒரு டின்

சகோதரிகளே, இமயமலையில் விழும் பனி மாதக்கணக்கில் மலையிலேயே கிடக்கும். கோடையில் அது உருகி எவ்வளவு தண்ணீர் ஆற்றுக்கு வரும் என்பதை அறிய, செய்மதிப் படங்களைக் கணினிக்குக் கொடுத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். நம் மலையில் அப்படித் தங்கும் பனி கிடையாது. நமக்கு மழைதான். அது மண்ணுக்குள் இறங்கி நிற்கிறது. மண் தாங்காத அளவுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதை 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல இடங்களில் மீண்டும் பார்த்தோம்.

மழையையும் இதே முறையில் வானத்திலிருந்து மதிப்பிடுகிறார்கள். 2014 பெப்ரவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் இதற்கென்றே ஒரு செய்மதியை அனுப்பின. அதையும் வேறு செய்மதிகளையும் சேர்த்து, அரை மணிக்கு ஒரு முறை உலகின் மழை கணக்கிடப்படுகிறது.

எப்படி? அனுபவமுள்ள ஒரு கங்காணி கொழுந்துக் கூடையைப் பார்த்ததுமே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். ஆயிரம் முறை கூடையையும் பார்த்து, தராசையும் பார்த்த பழக்கம் அது. (தராசில் கழிக்கிற கதை வேறு.) கணினிக்கு மேகப் படம்தான் கூடை, தரையிலுள்ள மழைமானிதான் தராசு. இரண்டையும் ஆயிரக்கணக்கில் காட்டினால், பிறகு மேகத்தை மட்டும் பார்த்தே அது மழையைச் சொல்லும். இதைத்தான் இயந்திரக் கற்றல் என்கிறார்கள்.

ஆனால் நம் மலையில் இந்தக் கணக்கு அடிக்கடி குறைந்துவிடுகிறது. உயரமாக எழும்பிக் குளிர்ந்த மேகத்தைக் கண்டால்தான் செய்மதி 'பெருமழை' என்று சொல்லும். தென்மேல் பருவக்காற்று வட்டவளை, றொசல்லப் பக்கச் சரிவில் மோதும்போதோ, தாழ்ந்த மேகமே விடாமல் கொட்டித் தீர்க்கும். மேலிருந்து பார்த்தால் அது சாதாரண மேகம்தான். அதோடு, இந்தக் கணக்கில் ஒரு கட்டம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அகலம். வட்டவளையில் ஊற்றும்போது ஹற்றனில் தூறல் விழுவது நமக்குத் தெரியும், கட்டத்துக்குத் தெரியாது.

ஆகவே தரையில் அளப்பவர்கள் கட்டாயம் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் மழை எழுதிய பழைய பதிவேடுகளும் உண்டு. கறையான் அரிக்குமுன் அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்பது என் எண்ணம். கணினிக்கு நம் மலையைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல தராசு ஏது?

அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 என்றால் வெளியேற ஆயத்தம். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ, சரிவு அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேற வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றால் 7 பேர்ச்சஸ் காணியில் மட்டும் 26,000 லீற்றருக்கு மேல் தண்ணீர்!

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதும் உண்மை. மீரியபெத்தையில் அபாயம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. போகச் சொல்பவர்கள் போக ஒரு இடமும் காட்ட வேண்டாமா?

வீட்டில் அளக்க, பக்கம் நேராகவும் அடி தட்டையாகவும் உள்ள டின் ஒன்று போதும். கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில், சாயாமல் வையுங்கள். தினமும் வேலைக்குப் புறப்படுமுன், ஒரே நேரத்தில், பிள்ளையின் அடிமட்டத்தால் ஆழத்தை அளந்து எழுதிவிட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அடைமழை நாளில் இடையிடையேயும் பாருங்கள். ஆனால் மறுநாள் காலைவரை ஊற்றிவிடாதீர்கள்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கிளம்பும் கலங்கல் ஊற்று, இறுகிப்போகும் கதவு, இவற்றில் ஏதாவது கண்டால் டின் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.