மஞ்சளும் மீன் கருவும்

"மூலிகைதானே, கெடுதல் செய்யாது" என்ற பேச்சை ஜாசின் தோட்டப்புறம் முதல் மலாக்கா பட்டணம் வரை கேட்கிறோம். மாணவர்களே, இதற்குச் சான்று வேண்டாமா?

சான்று தேட உதவும் உயிரினங்களில் ஒன்று வரிக்குதிரை மீன். இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதால், இதயம் துடிப்பதையும் வால் நீள்வதையும் நுண்ணோக்கியில் காணலாம். இரண்டு மூன்று நாள்களில் குஞ்சு பொரித்துவிடும்.

புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மஞ்சள் சாற்றை இக்கருக்களில் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மில்லிலிட்டருக்கு 62.5 மைக்ரோகிராமைத் தாண்டியதும், அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடியது. 125 மைக்ரோகிராமில் கருக்கள் இறந்தன. செறிவு மிகுந்தபோது பொரித்த குஞ்சுகளின் வாலும் உடலும் வளைந்திருந்தன.

அதற்காகக் குழம்பில் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. சோதித்தது மெத்தனாலில் பிரித்தெடுத்த சாறு. மீன் கரு அதிலேயே கிடந்தது. மனிதக் கருவை எதுவும் தாயின் செரிமானம், கல்லீரல், நஞ்சுக்கொடி ஆகியவற்றைக் கடந்தே சென்றடையும். எனவே இதை எச்சரிக்கையாக மட்டுமே கொள்ளலாம்.

அந்த எச்சரிக்கையை நாம் மதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. குழம்பிலிடும் சிட்டிகை வேறு, மாத்திரையில் அடைத்த சாறு வேறு. வீட்டில் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருந்தால், அவர் வாங்கும் மூலிகை மாத்திரையில், ஜாமுவில் 'எம்.ஏ.எல்.' பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். எண் இருந்தாலும், உட்கொள்ளும் முன் சுகாதாரக் கிளினிக் தாதியிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.