உண்ணும் உணவும் உள்ளத்தின் நினைவும்

ஓசூர் மலைமீது மரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கும் சந்திரசூடேஸ்வரர், தேய்ந்துகொண்டிருந்த சந்திரனைத் தம் சடைமுடியில் சூடி வாழ்வளித்தவர். சந்திரனை மனத்துக்கு அதிபதி என்பர் சோதிட நூலோர். கையும் காலும் தளர்ந்தாலும் நினைவு தேயாதிருக்க வேண்டும், பெற்ற பிள்ளைகளின் பெயரும் இறைவன் திருநாமமும் மறவாதிருக்க வேண்டும் என்பதே முதுமையில் நாம் அவரிடம் வைக்கும் விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்குத் துணையாக நம் உணவில் நாம் செய்யக்கூடியது என்ன என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

வங்கிப் பணியில் இருந்த நாட்களில், ஓய்வூதியம் பெற வரும் முதியோர் சிலரின் கையொப்பம் ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதைக் கண்டிருக்கிறேன். காலையில் பணம் பெற்றுச் சென்றவர், மாலையில் மீண்டும் வந்து, "என் பென்ஷன் வந்துவிட்டதா?" என்று வினவியதும் உண்டு. "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்று உடன் வந்தோர் அமைந்துவிடுவர். வயது ஒரு காரணமே. ஆனால் அதுவே முழுக் காரணம் அன்று.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு மதிப்பிட்டது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களை 2024-இல் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்க முடிந்தால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்பது அதன் கணிப்பு. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன் ஆகிய நான்கும் அப்பட்டியலில் உள்ளன. நான்கிலும் நம் உணவுக்குப் பங்கு உண்டு.

அப்படியானால் நினைவைக் காக்கும் தனி உணவு ஏதேனும் உண்டா? கடைகளில் விற்கும் ஞாபகசக்திப் பொடிகளை நம்பிப் பணத்தைச் செலவிட வேண்டாம். மூளைக்கு நலம் தரும் என்று வகுக்கப்பட்ட ஓர் உணவுமுறையை அமெரிக்காவில் 604 முதியோரிடம் மூன்றாண்டுகள் சோதித்தனர். அதைப் பின்பற்றியோருக்கும், வழக்கமான உணவைச் சற்றுக் குறைத்து உண்டோருக்கும் நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2023-இல் அறிவித்தனர். ஆனால் பின்லாந்தில் 1260 பேரிடம் ஈராண்டுகள் நடந்த ஆய்வில், நல்ல உணவோடு உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்தக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய யாவும் சேர்ந்தபோது பலன் தெரிந்தது. அதன் முடிவு 2015-இல் வெளியாயிற்று. உணவு தனித்து நின்று காப்பதில்லை. துணைகளோடு சேர்ந்தே காக்கிறது.

இத்தகைய தேடல் நமக்கு அருகிலும் நடைபெறுகிறது. நம் மாவட்டத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில், 45 வயதுக்கு மேற்பட்ட கிராம மக்கள் பதினாயிரம் பேரைச் சேர்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த மூளை ஆராய்ச்சி மையம் 2018-இல் தொடங்கியது. அம்மக்கள் உண்பதும் நம் மண்ணின் உணவே. நாம் களி என்பதைக் கன்னடம் பேசுவோர் முத்தே என்பர். தெலுங்கு பேசுவோர் சங்கடி என்பர்.

கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. ஆயினும் அளவின்றி உண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். நைசாக அரைத்துச் சர்க்கரை கலந்த ராகி மால்ட் நீரிழிவு உடையோருக்கு ஏற்றதன்று. சிறு உருண்டைக் களி, அதைவிடக் கூடுதலாகக் கீரை மசியல், அவரைக்கொட்டைக் குழம்பு அல்லது கொள்ளு ரசம் என்று அமைத்துக்கொள்வது நன்று. அன்னை மரகதாம்பாளின் நிறம் நாள்தோறும் நம் தட்டில் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் குறையட்டும்.

சைவ உணவினர் தவறாது அறிய வேண்டியது ஒன்று உண்டு. வைட்டமின் பி12 காய்கறிகளிலும் தானியங்களிலும் இல்லை. பால், தயிர், மோர் ஆகியவையே நமக்கு வழி. ஆனால் 200 மில்லி பாலில் கிடைப்பது ஏறத்தாழ 1 மைக்ரோகிராம். நாள் தேவையோ 2-க்குச் சற்று மேல். அரை டம்ளர் காப்பியும் ஒரு கரண்டி மோரும் போதா. வயது ஏற ஏற, உண்டதிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஆற்றலும் வயிற்றுக்குக் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினையும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையும் நெடுங்காலம் உட்கொள்வோருக்கு இக்குறை மிகுதியாக நேரும். மறதி, சோர்வு, பாதத்தில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். இம்மறதி வெளிப்பார்வைக்கு டிமென்ஷியா போலவே தோன்றும். உரிய காலத்தில் கண்டறிந்தால் மாத்திரையோ ஊசியோ பெரிதும் சீராக்கும். ஆண்டுகள் கடந்தால் முழுமையாக மீள்வது அரிது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு மறதி தலைகாட்டினால், விதி என்று விட்டுவிடாமல் பி12, தைராய்டு, சர்க்கரை ஆகிய இரத்தப் பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

விரதம் பற்றியும் ஒரு சொல். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் ஏகாதசியன்று பட்டினி கிடந்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். அது மூளைக்குத் தீங்கு. மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வதும், பாலும் பழமும் அருந்தி விரதம் காப்பதும் பக்திக்குக் குறைவாகாது.

சிப்காட் தொழிற்சாலைகளில் மகனும் மருமகளும் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் இல்லங்கள் இங்கே பல. பகலெல்லாம் தனித்திருக்கும் பெரியவர்கள், "எனக்கு ஒருத்திக்கு எதற்குச் சமையல்?" என்று தேநீரும் ரஸ்க்குமாகப் பொழுதைக் கழிக்கின்றனர். சத்துக்குறையும் தனிமையும் ஒருங்கே வளர்வது அங்கேதான். பிள்ளைகளே, நாளில் ஒரு வேளையேனும் பெற்றோருடன் அமர்ந்து உண்ணுங்கள். உணவு குறைவதும் நினைவு தடுமாறுவதும் முதலில் தெரிவது உடன் அமர்ந்து உண்பவர் கண்ணுக்கே.

முதியோரே, இறைவனுக்கு நிவேதித்ததை அளவோடு உண்டு, முடிந்த மட்டும் நடந்து, தெரிந்த பாசுரத்தை நாள்தோறும் ஓதி வாருங்கள். பிறை சூடிய பெருமான் துணை நிற்பார்.